நூத்தியொண்ணு காலியா?

…இல்லை, இது வேண்டுமென்றேதான் செய்கிறது, வேறு என்ன சொல்வது, அவள் வந்து எதிரே உட்கார்ந்தால் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி அடக்கமாக இருக்கும், வேலையை முடித்து, ஆற்றைத் தாண்டி வீடு போய்ச் சேர்ந்து, ஸ்கூட்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் போன் அடிக்கும், அக்கா மறுபடி போயிருச்சுக்கா என்று… ஆடியும் போய் ஆவணியும் முடியப் போகிறது, இந்த ஒற்றை சர்வர் ஜெயக்கொடியின் உயிரை வாங்குகிறது. கோரிப்பாளையத்து லேப்பின் மாடிப்படிக்கு அடியில், பினாயில் கேனுக்கும் உடைந்த நாற்காலிக்கும் நடுவே, ஒரு கறுப்புப் பெட்டி. ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் பெயர், வயது, சர்க்கரை, உப்பு எல்லாம் வந்து சேருகிற இடம் இதுதான், கவுண்டரிலும் உள்ளேயும் இருக்கிற மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் இதனிடம் கேட்டுத்தான் எதையும் காட்டும், இது வாயை மூடிவிட்டால் ஒரு ரிப்போர்ட்டும் வெளியே வராது. இதன் தலையில் ஓர் எலுமிச்சம்பழம் வேறு, அமாவாசைக்குக் கவுண்டர் பாண்டீஸ்வரி வைத்தது, காய்ந்து கறுத்துக் கோலிக்குண்டு போல ஆகிவிட்டது, எடுத்து வீசக் கை வரும், பிறகு மனம் வராது, எடுத்த அன்றைக்குப் பார்த்துப் போய்த் தொலைத்தால் அதற்கும் அவள்தான் காரணம் என்பார்கள்.

இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் காலையிலேயே வந்திருக்கிறாள். எப்போதும் மதியம் லேப் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்துகிற நேரமாகப் பார்த்துத்தான் வருவாள், நோயாளிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் வேலை பார்க்கலாம் என்று, அது நல்ல குணம் என்று தனக்குத் தானே ஒரு பெருமையும் உண்டு… ஆனால் இன்றைக்கு டாக்டர் சுப்பராமனே போன் செய்து, கூட்டம் இருக்கும்போது வந்து பாருங்கோ, அப்பத்தான் உங்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டார். லேப் அவருடையது. கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆனவர், குரலை உயர்த்தத் தெரியாதவர், அதுதான் இன்னும் மோசம், கத்துகிறவனிடம் திருப்பிக் கத்தலாம், மெதுவாகப் பேசுகிறவரிடம் என்ன செய்வது? அவள் உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“உங்களை நான் குத்தம் சொல்லலைம்மா. ஆனா இன்னிக்கும் இப்படியேன்னா, வேற ஆளைப் பாக்கறதைத் தவிர எனக்கு வழியில்லை.”

வேற ஆள். சொல்லிவிட்டுப் போய்விட்டார், அது மட்டும் படிக்கு அடியில் அவளோடு உட்கார்ந்திருக்கிறது. ஒரு லேப் போனால் ஒரு லேப், அது பெரிய விஷயமில்லை, பிழைப்பதற்கு ஊரில் ஆயிரம் கம்ப்யூட்டர் கெட்டுப்போகிறது. ஆனால் இது அவள் தனியாகப் பிடித்த முதல் இடம். அழகுபாண்டி இல்லாமல், அவன் ஏணியைப் பிடிக்காமல், அவன் முன்னால் போய்ச் சிரித்துப் பேசாமல், அவளே வயர் இழுத்து அவளே ஓட்டை போட்டு அவளே நிறுத்திய சர்வர். இது போனால் எல்லாரும் என்ன சொல்வார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், புருஷன் கூட இருந்த வரைக்கும் ஓடுச்சு, இப்ப முடியலை என்பார்கள். அதைக் கேட்பதற்கு அவளால் முடியாது. அதை மட்டும் கேட்க முடியாது.

அவள் என்னதான் செய்யவில்லை? வயரை மாற்றினாள். வயர்கள் எல்லாம் வந்து சேருகிற நெட்வொர்க் பெட்டியை மாற்றினாள், தன் கடையில் புதிதாக இருந்ததைக் கொண்டுவந்து மாட்டினாள். மெமரியைக் கழற்றிப் பள்ளிக்கூடத்து ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினாள், மேம்பாலம் கட்டுகிற தூசியெல்லாம் உள்ளே போய் ஃபேனில் மெத்தை போட்டிருந்தது, அதை ஊதித் தள்ளி இரண்டு நாள் தும்மினாள். யூ.பி.எஸ். பாட்டரியைப் பார்த்தாள். வைரஸ் இருக்கிறதா என்று மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். எலி கடித்திருக்குமோ என்று படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தாள், எலி இருந்தது, வயரைக் கடிக்கவில்லை, நல்ல எலி. புதுசா ஏதாச்சும் மாட்டுனீங்களா, புதுசா கம்ப்யூட்டர், பிரிண்டர், எதுவும், என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள், இல்லக்கா இல்லக்கா என்று எல்லாரும் தலையாட்டினார்கள்… இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன பார்ப்பது? சர்வரே வாயைத் திறந்து தன் கஷ்டத்தைச் சொல்லும், திரை மூலையில் சின்னதாக ஓர் எச்சரிக்கை எழுதிக் காட்டும், ஆனால் இந்தச் சர்வருக்குத் திரையே கிடையாது, கவுண்டரில் மானிட்டர் புகைந்துபோன அன்றைக்கு இதனுடையதைக் கழற்றி அங்கே வைத்துவிட்டார்கள், அது என்ன கத்தினாலும் யாருக்கும் தெரியாது. அவள் நெட்வொர்க் வழியாகத்தான் உள்ளே எட்டிப் பார்க்கிறாள், அந்த வழி செத்துப்போகும்போது அவளும் வெளியேதான் நிற்கிறாள்.

காலையில் கதவைத் திறந்தபோதெல்லாம் நன்றாகத்தான் ஓடியது. நான்கைந்து பேருக்கு ரசீதுகூடப் போட்டார்கள். சரி, இன்றைக்கும் நாடகம் போடுகிறது, டாக்டர் முன்னால் நல்ல பேர் வாங்கிக்கொண்டு என்னைக் கேவலப்படுத்தப் போகிறது என்று அவள் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு டீயை ஒரு வாய் குடித்தாள், அவ்வளவுதான், கவுண்டரிலிருந்து அக்கா போயிருச்சுக்கா என்று ஒரு குரல். ஊதுபத்தி வாசனை வருகிறது, பாண்டீஸ்வரி சாமி கும்பிட்டுவிட்டு வந்து உட்காரும் நேரம், தினமும் அவள் உட்கார்ந்ததும் போய்விடுகிறது என்று அவளே சொல்லுவாள், என் ராசிக்கா என்பாள், திருவாதவூரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வருகிற பெண், எல்லாவற்றுக்கும் ராசியைச் சொன்னால் பாவம் அவளும் என்ன செய்வாள். வெளியே கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. வெறும் வயிற்றோடு வந்தவர்கள், சாப்பிட்டுவிட்டு இரண்டாம் முறை ரத்தம் கொடுக்க வந்தவர்கள், கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள், ஒவ்வொருவரும் படிக்கு அடியில் குந்தியிருக்கிறவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள், இவளால்தான் லேட் என்பதுபோல, இவளால்தானே, பின்னே யாரால்.

அதில் காதர் பாய் ஒருவர்தான் திட்டாமல் வந்து நின்றார். தர்காவுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறவர். எதிரே ஆஸ்பத்திரியில் அவருடைய பீவிக்கு ஆப்பரேஷன், நேற்றுக் கொடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டைப் பார்த்தால்தான் மயக்க மருந்து கொடுப்பார்களாம். ரிப்போர்ட் உள்ளே இருக்கிறது, இந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது, ஒரு கை தூரம், எட்டி எடுக்க முடியவில்லை. நீங்க நிதானமாப் பாருங்கம்மா, பெரிய டாக்டர் ரவுண்டுக்கு வர்றதுக்குள்ள கிடைச்சாப் போதும், இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சுவரோரமாக நின்றுகொண்டார். திட்டியிருக்கலாம்.

சர்வரின் சுவிட்சை அமுக்கி அணைத்துத் திரும்பப் போட்டால் வந்துவிடும். அது அவளுக்குத் தெரியும், பாண்டீஸ்வரிக்கும் தெரியும், தினமும் அவர்கள் அதைத்தான் செய்கிறார்கள், கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி போகும், மறுபடி அணைத்துப் போடுவார்கள், ஒரு நாளைக்கு அந்தப் பெட்டி எத்தனை தடவை செத்துப் பிழைக்கிறதோ. அணைச்சுப் போடு கொடி, வந்துரும்… அழகுபாண்டியின் குரல். அவனுக்கு எல்லாமே அணைத்துப் போட்டால் வந்துவிடும். ஏன் போனது என்று கேட்கவே மாட்டான், ஏன் என்று கேட்பது அவனுக்கு நேரத்தை வீணாக்குகிற வேலை, வீட்டிலும் அப்படித்தான், இராத்திரி ஒரு சண்டை, பேச்சு தடித்து, அவள் அழுது, அவன் எழுந்து வெளியே போவான், திரும்பி வரும்போது கையில் பரோட்டாப் பொட்டலம் இருக்கும், சால்னா ஆறிரும் வா என்பான், முகத்தில் எதுவும் இருக்காது, பேசியது எல்லாம் அழிந்து புதுசாகத் தொடங்கிய மனிதனாக உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்ப்பான். அவளுக்குத் தொண்டையில் இறங்காது. எதனால சண்டை வந்துச்சுன்னு சொல்லுங்க, அதைப் பேசிருவோம் என்பாள். விடு கொடி என்பான். விடு விடு என்று எத்தனை விஷயங்களை விட்டது, விட்டதெல்லாம் எங்கே போயிற்று, எங்கும் போகவில்லை, எல்லாம் அவளுக்குள்தான் அடுக்கிக் கிடந்தது.

கடைசியில் அந்த வாடிப்பட்டி மில். அங்கே சர்வர் கரகரவென்று சத்தம் போட்டது, டிஸ்க் சாகப்போகிறது, யாரும் தொடாதீங்க, எனக்குக் கொஞ்ச நேரம் குடுங்க, உள்ளே இருப்பதை எடுத்துக்கிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மேடம் அப்படித்தான், எதுக்கெடுத்தாலும் ஆராய்ச்சி, என்று முதலாளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவன் சுவிட்சை அமுக்கினான். அதற்குப் பிறகு அந்த டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை. மில்காரர்களின் இத்தனை வருஷத்துக் கணக்கு மண்ணோடு மண்ணாகப் போனது. இவர்கள் இருவரும் புதுசு வாங்கிக் கொடுத்தார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், அதெல்லாம் சரி, ஏன் அமுக்குனீங்க என்று அவள் கேட்டாள். அன்றைக்குக் கேட்டாள், மறுநாள் கேட்டாள், பொங்கல் வரைக்கும் கேட்டாள். பொங்கலுக்கு வாடிப்பட்டிக்கு அம்மாவைப் பார்க்கப் போனவன் திரும்பி வரவில்லை. அவளும் போய்க் கூப்பிடவில்லை. கேமரா வேலை, ஆபீஸ்களில் சின்னச் சின்ன மெஷின் மாட்டுகிற வேலையெல்லாம் அவன் பக்கம், சர்வர் வேலை இவள் பக்கம் என்று யாரும் உட்கார்ந்து பேசாமலே பிரிந்துபோனது. ஹாஸ்டலில் இருக்கிற மகன் ஒரே சேதியை இரண்டு தடவை போன் பண்ணிச் சொல்கிறான், அம்மாவுக்கு ஒரு தடவை, அப்பாவுக்கு ஒரு தடவை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரர் எப்படி இருக்கார் என்று டாக்டர் கேட்டால், சைட்ல இருக்காரு சார் என்பாள். காலையில்கூட அப்படித்தான் சொன்னாள், வாயில் தானாக வருகிறது. எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் ஐயோ பாவம் என்பார்கள், பிறகு அடுத்த வேலையை வேறு யாருக்காவது கொடுப்பார்கள், தனியாக நிற்கிற பெண் ஏணியில் ஏறுவாளா, கூப்பிட்ட நேரத்துக்கு வருவாளா என்று யோசிப்பார்கள்… சைட்ல இருக்காரு. எந்த சைட், எத்தனை மாதமாக, யாரும் கேட்டதில்லை. நல்லவேளை. நல்லவேளையா?

சரி, இன்றைக்கு அணைத்துப் போடப்போவதில்லை. பாண்டீஸ்வரி கவுண்டரிலிருந்து கெஞ்சுகிறாள், அக்கா ஒருவாட்டி அணைச்சுப் போட்டாப் பாயோட ரிப்போர்ட்டையாச்சும் எடுத்துரலாம்க்கா என்று. எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் மறுபடி அதே கதை, பெட்டி கெட்டுப் போயிருக்கும்போது கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், இதற்குத்தானே காலையில் வந்தது… பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கொஞ்சம் பொறுங்க பாய், கொஞ்சமே கொஞ்சம், மனதுக்குள்ளேதான் சொன்னாள். ஒன்றொன்றாக விலக்கிப் பார்ப்போம், முதலில் இவனை விலக்குவோம் என்று சர்வரின் முதுகில் கைவிட்டு நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். இப்போது அது தனி மரம். அதோடு யாரும் பேச முடியாது, அதுவும் யாரோடும் பேச முடியாது. மடிக்கணினியில், நெட்வொர்க்கில் சர்வருக்குக் கொடுத்திருக்கிற எண்ணைத் தட்டி, இருக்கியா என்று கேட்டு ஒரு குரல் அனுப்பினாள், எல்லாரும் செய்கிற வேலைதான், ஆள் இருந்தால் பதில் வரும், இல்லாவிட்டால் வராது, இப்போது வராது, வயர்தான் கையில் தொங்குகிறதே.

பதில் வந்தது.

இருக்கிறேன். மறுபடி, இருக்கிறேன். வரிவரியாக, நிதானமாக, திரையில் ஏறிக்கொண்டே போகிறது. கையில் வயர், சர்வர் ஊமையாக நிற்கிறது, ஆனால் சர்வரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரோ உம் கொட்டுகிறார்கள். யார் நீ? இத்தனை நாளாக யாரிடம்தான் நான் பேசிக்கொண்டிருந்தேன்? வேறு ஏதோ ஒன்று இந்தக் கட்டடத்துக்குள் அதே எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டதுபோல, தபால்காரன் ஒருநாள் இங்கே கொடுக்கிறான், ஒருநாள் அங்கே கொடுக்கிறான், அணைத்துப் போட்டால் இது நான்தான் என்று சத்தம் போட்டு எழுந்திருக்கும், கொஞ்ச நேரம் எல்லாரும் நம்புவார்கள், பிறகு அது நான்தான் என்று சத்தம் போடும்… எலி இல்லை, தூசி இல்லை, பாண்டீஸ்வரியின் ராசியும் இல்லை. சே, இதை எப்படி முதல் வாரமே யோசிக்காமல் போனேன்.

நூற்றொன்று. சர்வரின் எண் கடைசியில் நூற்றொன்று என்று முடியும். நூறு என்று போட்டிருக்கலாம், ஆனால் இந்த ஊரில் யார் நூறு போடுவார்கள், மொய் எழுதினாலும் தாம்பாளத்தில் வைத்தாலும் நூறு வைத்தால் அதன் தலையில் ஒன்று வைத்தால்தான் கை நிறையும், மொட்டையாக விடக் கூடாது. அழகுபாண்டிக்கு அது கடைசிவரை விட்டுப்போகாத பழக்கம், எந்த ஆபீசுக்குப் போனாலும் முதல் மெஷினுக்கு நூற்றொன்றுதான், ஏணி உச்சியில் நின்றுகொண்டு, வாயில் ஸ்குருவைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்துக் கேட்பான்.

“கொடி, நூத்தியொண்ணு காலியா?”

அவள் கீழே மடிக்கணினியில் பார்த்துச் சொல்வாள், காலிதான் போடுங்க என்று, ஏற்கனவே யாராவது இருந்தால், நூத்தியொண்ணுல ஆளிருக்கு என்பாள், டவுன் பஸ் சீட்டில் துண்டு போட்டவர்கள் சொல்வதுபோல. அவன் சிரிப்பான், அப்ப நகந்து உக்காருவோம் என்று அடுத்ததைப் போடுவான். எத்தனை ஆபீஸ், எத்தனை ஏணி. அவள் தனியாக இந்தச் சர்வரை நிறுத்திய அன்றைக்குக்கூட, கேட்பதற்கு மேலே யாரும் இல்லாமல், தானாகத்தான் கை நூற்றொன்றைப் போட்டது. சரி, நான் போட்டேன். இன்னொன்றைப் போட்டது யார்? ஊரில் யாராவது இருக்கலாம், எல்லாருக்கும் இதே புத்திதான், அவனாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன… என்று நினைத்துக்கொண்டே எழுந்து நெட்வொர்க் பெட்டியைத் திறந்தாள். வயர்களை ஒன்றொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தாள். நீல வயர் ஒன்றைப் பிடுங்கியதும் திரையில் பதில் நின்றது. திரும்பச் சொருகினாள், இருக்கிறேன். அவள் இழுத்த வயர் இல்லை இது, பெட்டியை மாற்றிய அன்றைக்குக் கொத்தோடு கொத்தாக இதையும் பார்க்காமல் சொருகியிருக்கிறாள். மற்ற வயர்களோடு சேர்த்து இதைப் பூக்கட்டுகிற நூலால் கட்டியிருக்கிறது, இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு சுருக்கு. எல்லாரும் பிளாஸ்டிக் பட்டைதான் போடுவார்கள். பூ நூலால் வயர் கட்டுகிறவனை அவள் வாழ்க்கையில் ஒருவனைத்தான் பார்த்திருக்கிறாள். அவள் அம்மா வீட்டு மல்லிகைச் சரத்திலிருந்து முதல்முதலாக அவன் நூலைப் பிரித்தபோது அடிக்கக்கூடச் செய்தாள்.

நீல வயர் சுவரோரமாகப் போய், கவுண்டருக்குப் பின்னால், மீனாட்சி படத்துக்குக் கீழே, மாலை தொங்குகிற மறைவில் முடிந்தது. உள்ளங்கையளவு ஒரு மெஷின். வேலைக்கு வருகிறவர்கள் விரல் வைத்து வருகைப் பதிவு செய்கிறது. படத்துக்கு எரிகிற சீரியல் விளக்கும் இதுவும் ஒரே பிளக் பெட்டியில். பாண்டீஸ்வரி காலையில் சாமி கும்பிட்டு விளக்கைப் போடுவாள், இதுவும் எழுந்திருக்கும். மதியம் சாப்பாட்டுக்குப் போகும்போது அணைப்பாள், இதுவும் தூங்கிவிடும், சரியாக அந்த நேரத்துக்கு நல்ல குணக்காரி ஜெயக்கொடி வருவாள், சர்வர் அருமையாக ஓடும். புதுசா எதுவும் மாட்டலைன்னு சொன்னியே என்று கேட்டால், பாண்டீஸ்வரி கண்ணை அகல விரித்தாள், இது கம்ப்யூட்டரா அக்கா, கை வைக்கிற மிசினுதான என்றாள். யார் மாட்டியது என்று கேட்பதற்குள் டாக்டரே வந்து நின்றார்.

“ஆடியிலே மாட்டினதும்மா. உங்க வீட்டுக்காரர்தானே வந்தார்? நான் உங்க ஆள்னுதான் அவரைக் கூப்பிட்டேன்.”

உங்க ஆள். அவன் எண் டாக்டரிடம் பழைய கார்டில் இருந்ததாம், இரண்டு பேர் எண்ணும் சேர்ந்த கார்டு, சின்ன வேலைதானே, உங்களை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு அவரைக் கூப்பிட்டேன் என்கிறார். அவனும் வந்திருக்கிறான். இது அவள் இடம் என்று தெரிந்தேதான் வந்திருப்பான், அவள் கையால் இழுத்த வயர் ஒவ்வொன்றும் அவனுக்கு அடையாளம் தெரியும். வந்து, நாங்க இப்ப சேர்ந்து இல்லைங்க சார் என்று அவனும் சொல்லவில்லை. மேடம் எங்கே என்று டாக்டர் கேட்டிருப்பார், சைட்ல இருக்காங்க சார் என்று அவனும் சொல்லியிருப்பானோ? ஏணியில் நின்று நூத்தியொண்ணு காலியா என்று கேட்கக் கீழே ஆள் இல்லை. போனில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் மட்டும் என்ன, கேட்டிருந்தால் எடுத்திருப்பாளா.

பிளக்கைப் பிடுங்கினாள், விளக்கும் சேர்ந்து அணைந்தது, பாண்டீஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சர்வரின் வயரைத் திரும்பச் சொருகிவிட்டு வந்து பார்த்தால் கவுண்டரில் எல்லாம் வந்துவிட்டது, பிரிண்டர் உறுமியது, காதர் பாய் காகிதத்தைச் சூடு ஆறுவதற்கு முன்னால் வாங்கிக்கொண்டு, அல்லா நல்லா வைப்பான்மா என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடினார், அந்த வயதில் அந்த ஓட்டம். கண்டுபிடித்துவிட்டாள். அணைத்துப் போடாமல், ஏன் என்று கேட்டு, காரணத்தைக் கையில் பிடித்துவிட்டாள். சந்தோஷமாக இருக்க வேண்டும், ஆனால் எரிச்சல்தான் வருகிறது, யார்மேல் என்று தெரியாத எரிச்சல்… டாக்டர் மட்டும் மெதுவான குரலில், அந்த மெஷினும் ஓடணுமேம்மா, இல்லேன்னா யார் எப்ப வரான்னே தெரியாது என்றார். ஓடும் சார், அதோட நம்பரை மாத்தணும், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? பிளக்கைப் போட்டு மெஷினின் பட்டனை அமுக்கினால், நிர்வாகி விரலை வைக்கவும் என்று வருகிறது. நிர்வாகி யார், மாட்டியவன். வாடிப்பட்டியில் இருக்கிறது அந்த விரல். இனி அவனைக் கூப்பிட வேண்டும், வந்து விரல் வைத்துவிட்டுப் போங்க என்று. அல்லது பின்னால் இருக்கிற ஓட்டையில் ஊக்கு விட்டு அமுக்கினால் மெஷின் எல்லாவற்றையும் மறந்து பிறந்த குழந்தையாகிவிடும், எல்லாருடைய விரலையும் மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டும், அது அவன் வழி, சுத்தமாக அழித்துவிட்டுப் புதுசாகத் தொடங்கு, பரோட்டாவைப் பிய். அவள் கழுத்திலிருந்து ஊக்கைக்கூட எடுத்துவிட்டாள், தாலிக்கயிற்றில் எப்போதும் ஒன்று கிடக்கும். எடுத்தவள், என்ன தோன்றியதோ, வலதுகைக் கட்டைவிரலைச் சேலையில் துடைத்து மெஷினில் வைத்தாள்.

‘தேங்க் யூ’ என்றது மெஷின். பூட்டு திறந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. பாண்டீஸ்வரி ஏதோ கேட்கிறாள், காதில் விழவில்லை. உள்ளே பெயர்ப் பட்டியலில் லேப் ஆட்கள் எல்லாருக்கும் மேலே இரண்டு பெயர்கள், அழகு, கொடி. கடை தொடங்கிய காலத்தில் பென் டிரைவில் போட்டது, இரண்டு பேர் விரலும், யார் போனாலும் திறக்கட்டும் என்று, புது மெஷின் எதுவானாலும் முதலில் அதை ஏற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம். அதே பென் டிரைவ். இன்னும் அதைத்தான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறான். அப்படியென்றால் பொங்கலுக்குப் பிறகு அவன் மாட்டிய ஒவ்வொரு மெஷினிலும், சோழவந்தானோ திண்டுக்கல் ரோடோ, அவள் பார்த்தே இராத ஆபீஸ் சுவர்களில் எல்லாம், அவள் விரலை வைத்தால் திறக்கும். அழிப்பதற்கு எவ்வளவு நேரமாகும், பெயரைத் தொட்டு ஒரு பட்டனை அமுக்கினால் போதும், அமுக்குவதில்தான் ஆள் கெட்டிக்காரன் ஆயிற்றே. ஏன் அமுக்கவில்லை? சோம்பேறித்தனமா, மறதியா, நமக்கு எதுக்கு என்று விட்டதா… ஏன் அமுக்குனீங்க என்று மாதக்கணக்கில் கேட்டவள், ஏன் அமுக்கலை என்று கேட்க வேண்டியிருக்கிறது, இதற்கும் அவன் பதில் சொல்லத் தெரியாமல் விடு கொடி என்பான், அவன் அப்படித்தான். அவனுக்கே தெரியாமல்கூட இருக்கலாம். தெரியாதவனிடம் போய்க் காரணம் கேட்டால் அவன்தான் என்ன சொல்வான்? இதை இப்போதுதான் யோசிக்கிறாள் என்பதே அவளுக்கு அதிசயமாக இருந்தது, கூடவே ஒரு கோபமும்.

மெஷினின் எண்ணை நூற்றிரண்டு என்று மாற்றினாள். சீரியல் விளக்கு எரிந்தது, சர்வர் ஓடியது, இரண்டும் ஒரே நேரத்தில், பல வாரங்களில் முதல் தடவையாக. டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், பேஷ் என்றார், வேற ஆள் என்ற பேச்சையே எடுக்கவில்லை. போகும்போது திரும்பி, இதோட நம்பரை மாத்தியிருக்கேள்னு உங்க வீட்டுக்காரர்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ, அப்புறம் அவர் வந்து பாத்தா குழம்பிடப் போறார் என்றார். சொல்றேன் சார் என்றாள், சைட்ல இருக்காரு என்று சொல்கிற அதே வாயால், அதே வேகத்தில், சொல்லிவிட்ட பிறகுதான் இதை நிஜமாகவே சொல்லியாக வேண்டும் என்று உறைத்தது. போனை எடுத்துக்கொண்டு படிக்கு அடியில் வந்து உட்கார்ந்தாள். எலுமிச்சம்பழம் அங்கேயே இருக்கிறது. எத்தனையோ மாதமாக அவனிடம் கேட்பதற்கு எத்தனையோ இருந்தது, அடுக்கி வைத்திருந்தாள், இப்போது தேடினால் ஒன்றும் கைக்கு வரவில்லை, வாய்க்கு வருவது ஒரே ஒரு வரி, நூத்தியொண்ணுல ஆளிருக்கு. அதைப் படித்தால் அவன் நகர்ந்து உட்காருவானா, கிளம்பி வருவானா… எதை நினைத்து இதைத் தட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை, விரல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.